முகாம் பட்டியலில் ஒரு மடக்குக் கத்தி



பதிவு கொஞ்சம் நீளம். முகாமுக்குப் பிள்ளைகளை அனுப்பும் பெற்றார் கட்டாயம் வாசியுங்கள். மற்றவர்கள் நேரம் இருந்தால் வாசியுங்கள்.

போன கிழமை எங்கள் சாரணர் முகாமுக்கான பொருட்பட்டியலைப் பெற்றாரின் வட்ஸ்அப் குழுவில் போட்டேன். போர்வை, டோர்ச், தண்ணீர்ப் போத்தல், மழைக்கோட், அட்டைக்கடிக்குச் சவர்க்காரம், மேலதிகமாக இரண்டு சோடிக் காலுறை. கடைசி வரியில் "மடக்குக் கத்தி 4. ஆசிரியர் கொண்டு வருவார். பிள்ளைகள் கொண்டு வரக் கூடாது" என்று எழுதியிருந்தேன்.

பத்து நிமிஷம் ஆகவில்லை. ஒரு தாய் கோல் எடுத்தார்.

"சேர், தப்பா நினைக்காதீங்க. அந்தக் கடைசி வரிய அழிச்சிடுங்களே. நாளைக்கி யாராவது ஸ்கிரீன்ஷொட் எடுத்து, முஸ்லிம் ஸ்கூல்ல புள்ளைகளுக்குக் கத்தி குடுத்துப் பழக்குறாங்க எண்டு போட்டா என்ன செய்யுற?"

எனக்கு உடனே பதில் வரவில்லை. அந்தத் தாய் பயந்ததில் பிழை இல்லை. அன்றிரவு அந்த வரியை அழித்தேன். சுபஹுக்குப் பிறகு உட்கார்ந்து மீண்டும் எழுதிப் போட்டேன். ஏன் மீண்டும் போட்டேன், எப்படிப்பட்ட கத்தி, யார் கையில் எப்போது இருக்கும் என்பதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

முதலில் என் வீட்டுக் கதை.

வாப்பா சின்னதாகப் பலசரக்கு வியாபாரம் செய்தவர். அக்குறணைப் பக்கம் தோட்டம் தோட்டமாக ஏறி இறங்கி மிளகு, கராம்பு, சாதிக்காய் வாங்குவார். அவர் சாரத்து மடிப்பில் எப்போதும் ஒரு வில்லுக்கத்தி இருக்கும். மாட்டுக்கொம்புப் பிடி, இரண்டு பக்கமும் பித்தளை, விரித்தால் "டக்" என்று பூட்டிக்கொள்ளும். சாக்கின் வாயைத் திறக்க, சாதிக்காயைப் பிளந்து பார்க்க, கயிறு வெட்ட, தோட்டத்தில் யாராவது ஒரு கொய்யாப்பழம் தந்தால் அதை நாலாகப் பிளந்து எங்களுக்குத் தர, எல்லாவற்றுக்கும் அதுதான். நாலு பிள்ளைகளும் வாப்பாவின் முழங்காலுக்குப் பக்கத்தில் இருந்துதான் கத்தி பிடிக்கப் பழகினோம். அவர் மௌத்தான பிறகு அது உம்மாவின் அலுமாரியில் இருந்தது.

2019 ஏப்ரல் 21க்குப் பிறகு வந்த நாட்களை நான் இங்கே விவரிக்கத் தேவையில்லை. வாசிக்கிற எல்லோரும் அதற்குள் இருந்தவர்கள்தான். மே மாத முதல் வாரத்தில், வாள்கள், பெரிய கத்திகள் வைத்திருப்பவர்கள் அவற்றைப் பொலிஸில் ஒப்படைக்க வேண்டும் என்று அறிவித்தார்கள். அன்றாடத் தொழிலுக்குப் பாவிக்கும் கத்திகளுக்கு அது பொருந்தாது என்றும் அதே அறிவித்தலில் இருந்தது. ஆனால் அந்த இரண்டாவது பகுதி நம்மில் யாருடைய காதிலும் விழவில்லை. டீவியில் ஒவ்வொரு நாளும் தேடுதலில் அகப்பட்ட கத்திகளை வரிசையாக அடுக்கிக் காட்டினார்கள். எங்கள் பாதையில் ஒரு வீட்டில் உழ்ஹிய்யாக் கத்தியைப் புதைத்தார்கள். இன்னொரு வீட்டில் தேங்காய் வெட்டும் மன்னாவைக் கூட ஒளித்துவிட்டு, தேங்காயை அம்மிக் கல்லில் அடித்து உடைத்தார்கள்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? ஒரு இரவு, உம்மா தூங்கிய பிறகு, வாப்பாவின் வில்லுக்கத்தியைப் பேப்பரில் சுற்றி, மலசலகூடக் குழிக்குள் போட்டேன். மூன்று அங்குலம் கூட இல்லாத கத்தி. அதை யாரும் கேட்கவில்லை, யாரும் எங்கள் வீட்டுக்கு வரவும் இல்லை. சட்டம் சொல்லாததை என் பயம் செய்தது. இரண்டு மாதம் கழித்து உம்மா அலுமாரியில் தேடினார். நான் சொன்னேன். உம்மா ஒன்றும் ஏசவில்லை. "அப்படியா" என்று சொல்லிவிட்டு அலுமாரியை மூடினார். அந்த ஒரு சொல் இன்றும் என் நெஞ்சில் இருக்கிறது.

இதை ஏன் இப்போது சொல்கிறேன்? அந்த வருஷத்துக்குப் பிறகு வளர்ந்த பிள்ளைகளைத்தான் நான் முகாமுக்குக் கூட்டிப் போகிறேன். போன முகாமில் எனக்கு ஒரு விஷயம் விளங்கியது. தரம் 8, 9 படிக்கும் பிள்ளைகள், ஒரு தேசிக்காயை இரண்டாக வெட்டச் சொன்னால் கத்தியை எப்படிப் பிடிப்பது என்று தெரியாமல் நிற்கிறார்கள். சிலர் அலகைப் பிடிக்கிறார்கள். சிலர் நண்பனை நோக்கி அதை நீட்டிச் சிரிக்கிறார்கள். படத்திலும் கேமிலும் பார்த்த கத்தி மட்டும்தான் அவர்களுக்குத் தெரியும். வேலை செய்யும் கத்தியை அவர்கள் வீட்டில் யாரும் கையில் கொடுத்ததில்லை. கொடுக்கப் பயந்தோம்.

அதே முகாமில்தான் அந்த விபத்தும் நடந்தது. ஒரு மகன், யாருக்கும் சொல்லாமல் தன் பையில் ஒரு பேனாக்கத்தி கொண்டு வந்திருந்தான். கூடாரமுளையின் நுனியைச் சீவும்போது அலகு மரத்தில் இறுகியது. இழுத்து அசைத்திருக்கிறான். கத்தி அப்படியே மடங்கி ஆட்காட்டி விரலில் விழுந்தது. மூன்று தையல். பிழை அவனுடையது மட்டுமல்ல. முறையான கத்தியை முறையாகக் கொடுக்காத என்னுடையதும்தான். ஒழித்துக் கொண்டு வரும் கத்தி எப்போதும் மலிவான, ஆடுகிற, பூட்டில்லாத கத்தியாகத்தான் இருக்கும்.

அவனுடைய பேனாக்கத்தியை நான் வாங்கிப் பார்த்தேன். அதில் பூட்டு இல்லை. முதுகில் உள்ள வில் அலகை அழுத்திப் பிடித்திருக்கும், அவ்வளவுதான். அலகின் முதுகுப் பக்கமாகப் பலம் கொடுத்தால் வில் விட்டுக்கொடுத்துவிடும். பென்சில் சீவ, கடிதம் பிரிக்க அது போதும். பச்சை மரத்தில் வேலை செய்ய அது போதாது.

வாப்பாவின் கத்தியில் இருந்தது வேறு முறை. அதை ஆங்கிலத்தில் லொக்பேக் என்பார்கள். பிடியின் முதுகில் ஒரு நீள இரும்புத் துண்டு இருக்கும். நடுவில் ஓர் ஆணியில் அது ஏற்றப்பலகை மாதிரி ஏறி இறங்கும். அலகை முழுக்க விரித்ததும், அந்தத் துண்டின் முன் முனையில் உள்ள கொக்கி, அலகின் அடியில் வெட்டியிருக்கும் பள்ளத்தில் விழும். பின் முனையை ஒரு வில் தாங்கிக்கொண்டிருக்கும். அந்த "டக்" சத்தம் கொக்கி விழும் சத்தம்தான். பிடியின் பின்பக்கம் உள்ள அந்த இடத்தைப் பெருவிரலால் அழுத்தினால்தான் கொக்கி மேலே எழும்பும், பிறகு மற்றக் கையால் மடக்கலாம். மறந்துபோய் மடங்காது.

இந்த முறை பழையது. ஆனால் உலகம் முழுக்க இதைப் பரப்பியது அமெரிக்காவின் பக் கம்பனி 1964இல் விற்பனைக்கு விட்ட 110 என்ற மாதிரி. மூன்றே முக்கால் அங்குல அலகு, மரப்பிடி, இரு பக்கமும் பித்தளை. உறைக்கத்தியின் உறுதியை இடுப்பில் மடக்கி வைக்கலாம் என்று வேட்டைக்காரர்களும் விவசாயிகளும் கண்டுகொண்டார்கள். அதற்குப் பிறகு அதைப் பார்த்துச் செய்யாத நாடு இல்லை. வாப்பாவின் கத்தியும் அப்படி ஒரு நகல்தான் என்று இப்போது நினைக்கிறேன்.

அந்தப் பூட்டு யாருக்காக என்பதை யோசித்துப் பாருங்கள். அது எதிரில் நிற்பவனுக்கு ஒன்றும் செய்வதில்லை. பிடித்திருப்பவனின் நாலு விரலைத்தான் அது காப்பாற்றுகிறது.

ஆனால் சட்டம் எல்லா இடத்திலும் அப்படிப் பார்ப்பதில்லை. லண்டனில் இருக்கும் என் மச்சான் சொல்லித்தான் முதலில் இது தெரியும், பிறகு தேடி வாசித்தேன். இங்கிலாந்தில் 1988ஆம் ஆண்டுச் சட்டப்படி, வெட்டும் வாய் மூன்று அங்குலத்துக்கு மேற்படாத மடக்குக் கத்தியைக் காரணம் இல்லாமலே பையில் வைத்திருக்கலாம். அதே அளவுக் கத்தியில் பூட்டு இருந்தால் அந்தச் சலுகை இல்லை. பூட்டு விழுந்தபின் அது மடக்குக் கத்தி அல்ல என்று நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. தொழில் மாதிரி நல்ல காரணம் இருந்தால்தான் வெளியில் கொண்டுபோகலாம். கைக்குப் பாதுகாப்பான கத்திதான் சட்டத்தின் கண்ணுக்குக் கூடிய ஆபத்து. இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. அதனால் நாமும் இரண்டையும் மனதில் வைத்துத்தான் நடக்க வேண்டும்: வேலைக்கு நல்ல கத்தி வேண்டும், அதை வேலை இல்லாத இடத்துக்குக் கொண்டுபோகக் கூடாது.

ஒரு கத்திக்குப் பெயர் எப்படிக் கெடுகிறது என்பதற்கு இந்தியாவின் ராம்பூரைப் பாருங்கள். உத்தரப் பிரதேசத்தில் நவாபுகள் ஆண்ட ஊர். அங்கே கைவினைஞர்கள் தலைமுறையாகச் செய்த மடக்குக் கத்திதான் "ராம்பூரி". எழுபதுகளின் ஹிந்திப் படங்களில் வில்லன் கையில் அதைக் கொடுத்துக் கொடுத்து, ராம்பூரி என்றாலே ரவுடி என்று ஆக்கிவிட்டார்கள். பிறகு கட்டுப்பாடுகள் வந்தன, பட்டறைகள் சுருங்கின. கடைசியில் 2023இல் அதே ஊரில், சந்தியில் 20 அடி நீளமான ஒரு ராம்பூரிக் கத்தியைச் செய்து நிறுத்தி, இது எங்கள் ஊரின் கைத்தொழில் என்று சொன்னார்கள்.

நம் கண்டியிலும் கத்தி அந்நியப் பொருள் இல்லை. பெரஹரவில் நிலமேமாரின் இடுப்பில் செருகியிருக்கும் வேலைப்பாடுள்ள கத்தியை ஒவ்வொரு வருஷமும் பார்க்கிறோம். கண்டி இராச்சியத்துக் கொல்லர்களும் தட்டார்களும் சேர்ந்து செய்த அந்தக் கலையைப் பற்றி ஆனந்த குமாரசுவாமி 1908இல் வெளிவந்த தன் நூலில் எழுதியிருக்கிறார்.

தமிழ் படிப்பிக்கிற எனக்கு இன்னொன்றும் பிடிக்கும். ஏட்டில் எழுதிய காலத்தில் மடக்கெழுத்தாணி என்று ஒன்று இருந்தது. ஒரே பிடிக்குள் எழுத்தாணியும் கத்தியும் மடங்கி இருக்கும். கத்தியால் ஓலையை வாருவார்கள், எழுத்தாணியால் எழுதுவார்கள். அன்றைய வாத்தியார் கையில் மடக்குக் கத்தி இல்லாமல் பாடமே நடந்திருக்காது. அதனால் சாரணர் ஆசிரியன் கையில் ஒன்று இருப்பது புதுமை இல்லை.

சரி, இனி நான் எப்படித் தெரிவு செய்தேன் என்று சொல்கிறேன். தோட்டத்துக்கோ மலைக்கோ போகிற யாருக்கும் இது உதவும்.

டவுனில் மூன்று கடை ஏறி இறங்கினேன். முதல் கடையில் "அவுட்டோருக்கு" என்று சொன்னதும் கறுப்பு நிறத்தில், பொத்தானை அழுத்தினால் பாய்ந்து விரியும் ஒன்றை எடுத்து வைத்தார். "இதுதான் சேர் இப்ப பொடியன்மார் கேக்குறது." பார்க்கவே பயமாக இருந்தது. ஒரு கையால் சட்டென்று விரியும் கத்தி எனக்கு வேண்டாம். மலையில் எந்த வேலைக்கும் அந்த அவசரம் இல்லை. அலகில் நகத்தை வைக்க ஒரு கீறல் இருக்க வேண்டும், இரண்டு கையாலும் மெதுவாக விரிக்க வேண்டும். விரிக்க எடுக்கும் அந்த இரண்டு வினாடி பிள்ளைக்கு யோசிக்கக் கிடைக்கும் நேரம்.

இரண்டாவது, அளவு. அலகு மூன்று அங்குலத்துக்குள். கயிறு, பழம், கூடாரமுளை, அரிசி மூடை, இவற்றுக்கு மேல் முகாமில் வேலை இல்லை. விறகு கொத்த இதைப் பாவிக்கவே கூடாது. அலகின் முதுகில் கட்டையால் அடித்து விறகு பிளந்தால் அந்த அடி நேராகப் பூட்டின் ஆணிக்குத்தான் போகும். விறகுக்கு மன்னா இருக்கிறது, அது என் பொறுப்பு.

மூன்றாவது, பூட்டு. கடையிலேயே பார்க்கலாம். மெதுவாக விரியுங்கள். சத்தம் தெளிவாகக் கேட்க வேண்டும். விரித்தபின் முதுகைப் பாருங்கள். பூட்டுத் துண்டும் அலகும் சேரும் இடம் மட்டமாக இருக்க வேண்டும். மேலே தள்ளிக்கொண்டு நின்றால் கொக்கி முழுதாக விழவில்லை. அலகை மேலும் கீழும், பக்கவாட்டிலும் அசைத்துப் பாருங்கள். மேல் கீழாக மயிரளவு அசைவு இந்த வகையில் சாதாரணம், கடகடவென்று ஆடினால் வைத்துவிட்டு வாருங்கள். பிறகு, அலகு மடங்கும் பாதையில் ஒரு விரலும் இல்லாமல் பிடித்துக்கொண்டு, அலகின் முதுகை ஒரு பலகையில் மெதுவாக இரண்டு தட்டுத் தட்டுங்கள். பூட்டு விட்டுக்கொடுத்தால் அது பூட்டே இல்லை. கடைசியாக மடக்கிப் பாருங்கள். நுனி பிடிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது.

நான் பார்த்த பதினொரு கத்தியில் ஏழு இந்தச் சோதனையில் தோற்றன. பார்க்க எல்லாம் ஒன்றுதான். பெயர் பொறித்திருப்பதை நம்பாதீர்கள், கையால் பாருங்கள்.

நாலாவது, இரும்பு. கறள் பிடிக்கும் பழைய வகை உருக்கு நல்ல கூர் எடுக்கும், கல்லில் சுலபமாகத் தீட்டலாம். ஆனால் நம் மழைக்கும், தேசிப்புளிக்கும் ஒரே இரவில் கறுத்துவிடும். வாப்பா ஒவ்வொரு நாளும் துடைத்து எண்ணெய் போடுவார். பதினாலு வயதுப் பிள்ளை போடமாட்டான். அதனால் கறள் பிடிக்காத வகையைத்தான் எடுத்தேன். அதற்கும் பராமரிப்பு வேண்டும். இந்தப் பூட்டின் எதிரி மண்தான். கொக்கி விழும் பள்ளத்தில் மணலோ பலாப்பாலோ அடைத்தால் கொக்கி பாதி மட்டும் விழும், பூட்டிவிட்டது என்று நம்பியே விரலை வெட்டிக்கொள்வோம். பலாப்பாலைத் தேங்காயெண்ணெய் போட்டுத் துடைத்தால் போகும். பள்ளத்தை ஈர்க்கினால் சுரண்டி, கழுவி, நன்றாகக் காயவைத்து ஆணிக்கு ஒரு துளி மெஷின் எண்ணெய்.

ஐந்தாவது, நுனி. பிரான்ஸில் 1890இலிருந்து ஒப்பினெல் என்ற மடக்குக் கத்தியைச் செய்து வருகிறார்கள். அவர்கள் பிள்ளைகளுக்கென்றே நுனி உருண்ட ஒன்றைச் செய்கிறார்கள். கயிறு வெட்டவும் மரம் சீவவும் நுனி தேவையில்லை. இங்கே அப்படி ஒன்று எனக்குக் கிடைக்கவில்லை. அதனால் வாங்கிய நாலில் மூன்றை எடுத்துக்கொண்டு ஒரு கம்மாலைக்குப் போனேன். வயதான சிங்கள பாஸ் ஒருவர். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு என்றதும் என் முகத்தைப் பார்த்தார், என் தாடியைப் பார்த்தார். ஒரு கணம் எனக்குள் பழைய பயம் எட்டிப் பார்த்தது. அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "முகாமுக்கா?" ஓம் என்றேன். தானும் சின்ன வயதில் சாரணர்தான் என்றார். சாணைச் சக்கரத்தில் ஒவ்வொரு முறையும் இரண்டு வினாடி வைத்து, தண்ணீரில் தோய்த்துத் தோய்த்து நுனியை உருட்டினார். சூடேறி அலகு நீலமாக மாறினால் பதம் போய்விடும், பிறகு கூர் நிற்காது என்று காட்டித் தந்தார். கூலி வாங்கிக்கொண்டார். போகும்போது, பூட்டை நாள்தோறும் பார்க்கச் சொன்னார்.

சாரணியம் இந்த நாட்டுக்கு வந்ததே நமக்குப் பக்கத்து ஊருக்குத்தான். 1912இல் மாத்தளை கிறிஸ்து தேவாலயக் கல்லூரியில்தான் முதல் குழு தொடங்கியது. நூறு வருஷத்துக்கு மேலாக இந்த மலைகளில் எல்லா இனத்துப் பிள்ளைகளும் கயிறும் கத்தியும் பிடித்துப் பழகியிருக்கிறார்கள். நம் பிள்ளைகள் மட்டும் பழகாமல் இருக்க வேண்டும் என்று யாரும் நமக்குச் சொல்லவில்லை. நாமாகத்தான் நமக்குச் சொல்லிக்கொண்டோம்.

அதேநேரம், நடந்ததை மறந்துவிட்டு நடக்கவும் முடியாது. ஹுன்னஸ்கிரியவுக்குப் போகும் பஸ் திகன, தெல்தெனிய ஊடாகத்தான் போகும். 2018 மார்ச்சில் அந்தப் பாதையில் எரிந்த கடைகளையும் பள்ளிகளையும் மார்ச் 6ஆம் திகதி அறிவித்த அவசரகால நிலையையும் நாங்கள் மறக்கவில்லை. அந்தத் தாயின் பயம் அங்கிருந்து வருகிறது. என் பயமும் அங்கிருந்துதான். ஆகவே ஒழிவு மறைவு இல்லாமல் செய்வதுதான் ஒரே வழி என்று முடிவெடுத்தேன்.

ஒழுங்குகள் இவை. நாலு கத்தியும் ஒரு பூட்டுப் போட்ட பெட்டியில், கயிறு, சுத்தியல், முதலுதவிப் பொருட்களோடு இருக்கும். பெட்டிக்குள் என்னென்ன இருக்கிறது என்ற பட்டியலில் அதிபர் கையெழுத்திட்டிருக்கிறார். அதன் பிரதி பஸ்ஸிலும், முகாம் நடக்கும் பகுதிப் பொலிஸிலும், காணிச் சொந்தக்காரரிடமும் இருக்கும். பஸ்ஸில் பெட்டி திறக்கப்படாது. திரும்பும் வழியில் மாளிகைப் பக்கமோ டவுனிலோ பெட்டியோடு இறங்கமாட்டோம்.

முகாமில் வேலை நேரத்தில் மட்டும், பெயர் எழுதி, ஒரு நேரத்தில் நாலு பேருக்குக் கொடுப்பேன். உட்கார்ந்துதான் வெட்ட வேண்டும். கையை நீட்டிச் சுற்றினால் யாரும் படாத இடைவெளி வேண்டும். அலகு தன் உடம்பிலிருந்து வெளிப்பக்கமாகத்தான் போக வேண்டும். அட்டை கடித்தால் அதில் கத்திக்கு வேலை இல்லை. நக்கிள்ஸ் பாதுகாக்கப்பட்ட காடு, 2010இலிருந்து உலக மரபுரிமையின் ஒரு பகுதி. அங்கே ஒரு கிளையைக் கூட வெட்ட மாட்டோம். முளைக்கும் சீவுவதற்கும் வேண்டிய தடியை ஊரிலிருந்தே கொண்டு போகிறோம்.

முதல் நாள் பாடம் ஒரு மணித்தியாலம். ஆசிரியர் கலாசாலையில் எங்கள் விரிவுரையாளர் ஒருவர் அடிக்கடி சொல்வார், முதலில் செய்து காட்டு, பிறகு சேர்ந்து செய், பிறகு கையை எடு என்று. அந்த முறைதான். ஆனால் அதற்கு முன், நான் பிள்ளைகளுக்கு நம் மார்க்கத்திலிருந்து சொல்லப்போவது நாலு விஷயம். பள்ளிவாசலிலோ சந்தையிலோ அம்போடு நடப்பவர் அதன் முனையைக் கையால் பொத்திக்கொள்ள வேண்டும், யாருக்கும் பட்டுவிடக் கூடாது என்று நபி (ஸல்) அவர்கள் கட்டளையிட்டது புகாரி, முஸ்லிம் கிரந்தங்களில் இருக்கிறது. உருவிய வாளை அப்படியே இன்னொருவரிடம் நீட்டுவதைத் தடுத்தது அபூதாவூத், திர்மிதியில் இருக்கிறது. விளையாட்டுக்குக் கூடத் தன் சகோதரனை நோக்கி இரும்பைச் சுட்டுபவன் மலக்குகளின் சாபத்துக்கு ஆளாவான் என்பது முஸ்லிமில் இருக்கிறது. அறுக்கும்போது பிராணி வேதனைப்படாமல் கத்தியைத் தீட்டிக்கொள்ளச் சொன்னதும் முஸ்லிமில்தான்.

நுனியை மூடு, மடக்கிக் கொடு, யாரையும் நோக்கி நீட்டாதே, கூராக வைத்திரு. எந்த நாட்டுச் சாரணர் புத்தகத்திலும் கத்திக்கு இந்த நாலு விதியும்தான் இருக்கும். நமக்கு ஆயிரத்து நானூறு வருஷத்துக்கு முன்பே இது பாடம். கத்தியை ஒளிப்பதால் இந்தப் பாடத்தையும் சேர்த்தல்லவா ஒளிக்கிறோம்?

முந்தநாள் அந்தத் தாய்க்கு நானே கோல் எடுத்து இவ்வளவையும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு கேட்டார்:

"ராவுல பெட்டிச் சாவி யார்கிட்ட ஈக்கும் சேர்?"

"என் கழுத்துல."

"சரி. அப்ப எங்கட மகனுக்கு நுனி இல்லாதத குடுங்க."

நேற்று பின்னேரம் நாலு கத்தியையும் மேசையில் வைத்து எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தேன். உம்மா வந்து பக்கத்துக் கதிரையில் இருந்தார். மரப்பிடி உள்ளதை எடுத்தார். நகத்தை வைத்து மெதுவாக விரித்தார். "டக்" என்றது. மடக்கி, இன்னொரு முறை விரித்தார்.

"வாப்பாட கத்திச் சத்தம்" என்றார். பிறகு, "இத எங்கயும் போட்டுடாதீங்க மகன்."

போடமாட்டேன் என்று சொன்னேன்.

பெற்றாருக்கு: சம்மதக் கடிதத்தில் கத்தி பற்றிய ஒரு தனி வரி சேர்த்திருக்கிறேன். விருப்பம் இல்லாதவர்கள் "இல்லை" என்று எழுதுங்கள். உங்கள் பிள்ளை முகாமுக்கு வரலாம், கயிறு கட்டும் குழுவில் இருப்பான், ஒரு குறையும் வராது. வியாழக்கிழமைக்குள் கடிதம் என் கைக்கு வர வேண்டும். கத்திகளைப் பார்க்க விரும்பும் தகப்பன்மார், தாய்மார் புதன் பின்னேரம் பாடசாலைக்கு வாருங்கள். மேசையில் வைத்திருப்பேன், உங்கள் கையாலேயே விரித்துப் பாருங்கள்.

இந்தப் பதிவை யார் வேண்டுமானாலும் ஸ்கிரீன்ஷொட் எடுக்கலாம். முழுதாக எடுங்கள், அது போதும்.